பஞ்சுக் கிடங்கின் ஆறு சிறப்புகள்

2025 ஜனவரி 6

ஏற்றுமதியாளர் மகுடேஸ்வரன் போன் செய்தார். அடுத்த மாதம் ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்கும் பையர் வருகிறாராம். பனியனோடு ஊரின் பாரம்பரியத்தையும் காட்ட ஆசை. "ஏனுங்க சார், நம்மூர்ல பழசுன்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

முப்பது ஆண்டு கல்லூரியில் வரலாறு நடத்தினேன். ஓய்வு பெற்று நான்கு ஆண்டு கழித்து ஊருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

ஜனவரி 9

இருக்கிறது. அவருடையதே. காதர்பேட்டைக்குப் பின்னால், குடும்பத்துப் பழைய பஞ்சுக் கிடங்கு. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், பஞ்சுத் தூசி வெளியேறக் கூரையை ஒட்டி வரிசையாகச் சிறு சன்னல்கள். மூலையில் முத்துப்பேச்சி, மகளோடு குடியிருக்கிறாள். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அவர் கம்பெனியிலேயே செக்கிங் வேலை, பத்தொன்பது வருடமாக.

"மத்தியானம் வெயில் எங்க விழும்னு சொல்லட்டா சார்? அங்கனதான் வத்தல் காயப் போடுவேன்."

கட்டடக்கலையை இத்தனை சுருக்கமாக எந்த நிபுணரும் எனக்கு விளக்கியதில்லை.

ஜனவரி 12

மகுடேஸ்வரன் கம்பெனிக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன். எண் போட்டு ஆறு சிறப்புகள். ஆறாவது: 'இன்றும் இங்கே ஒரு தொழிலாளியின் குடும்பம் வாழ்கிறது, இக்கட்டடத்தின் உயிர் அதுவே.' இந்த வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஜனவரி 20

பதில் இல்லை.

ஜனவரி 27

கிடங்குக்குப் போனேன். சுண்ணாம்பின் மேல் பளபளவென்று பெயின்ட். உத்தரம் தெரியாமல் பால்ஸ் சீலிங். சன்னல்கள் சிமெண்டால் அடைப்பு. தரையில் மஞ்சள் கோடு, சுவரில் தீயணைப்பான். மூலை காலி.

அறிக்கை நேரே, பையர்கள் சொல்லும் குறைகளைத் திருத்தும் ஆடிட் பிரிவுக்குப் போயிருக்கிறது. எண் போட்ட அறிக்கை என்றால் அவர்களுக்குக் குறைப் பட்டியல்தான். ஒவ்வொன்றையும் சரிசெய்து, போட்டோ எடுத்து, பையருக்கு அனுப்பி 'க்ளோஸ்' செய்தாக வேண்டும். அந்தப் பிரிவின் இந்துமதிக்கு முகமெல்லாம் பெருமை.

"ஆறு பாயிண்டும் க்ளோஸ் பண்ணீட்டமுங்க சார். ஆறாவதுதான் சிரமமாப் போச்சு. அந்தக்கா அழுதுட்டாங்க."

"அது பாராட்டும்மா, பாராட்டு!" என்றேன்.

"அப்பப் பாராட்டுன்னு மேல போட்டிருக்கலாமுங்களே."

போட்டிருக்கலாம்தான். ஏன் போடல? எவன் படிப்பான்னு நெனச்சு எழுதுனேன்?

ஜனவரி 29

மகுடேஸ்வரனிடம் கெஞ்சினேன். அவளை மறுபடி குடிவைக்கச் சொன்னேன். "க்ளோஸ் பண்ணுன பாயிண்டத் தொறந்தம்னா ஆர்டரே போயிருமுங்க. போட்டோ போயாச்சுங்க சார்."

பிப்ரவரி 12

ஜெர்மன்காரர் கிடங்கில் ஏழு நிமிடம் இருந்தார். மிகவும் சுத்தம் என்றார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன் – அதுவும் உண்மை.

பிப்ரவரி 18

விசாரித்துப் போனேன். பல்லடம் ரோட்டில் தகரக் கூரை லைன் வீடு. முத்துப்பேச்சி வாசலை அடைத்து நின்றாள். கோபம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே கொண்டுவந்து, ரோட்டைப் பார்க்கப் போட்டாள்.

"காப்பி தாரேன், குடிச்சிட்டுப் போங்க. உள்ள மட்டும் வராதீய சார். பாத்தா எழுதிப்புடுவீய."

பஸ்களைப் பார்த்தபடி குடித்தேன். டம்ளரைத் தரும்போதும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.