நாற்பத்திநாலு மார்க் லைட்டு

ஒக்டோபர் 19
நேற்று மழையோடு தோட்டத்து லைட்டு எல்லாம் போச்சு. பிறந்தநாள் விருந்துக்கு வந்த சனம் பிரியாணித் தட்டோடு இருட்டில் நின்றது. தோணிகள் நிற்கும் களப்போரத்தில் இருக்கும் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு அழகே அந்தத் தோட்டம்தான். மாரி முடியுமட்டும் அதை மூடுவோம் என்கிறான் தம்பி மின்ஹாஜ். மூடினால் பிறகு திறக்க மாட்டான், எனக்குத் தெரியும்.

ஒக்டோபர் 20
ஸஹீதா மாமி வந்தா. மகன் றிஷாடுக்கு அடுத்த மாதம் எங்கள் தோட்டத்தில் வலீமா, கலியாண விருந்து. "மழைக்கும் லைட்டு நிண்டு எரிஞ்சாத்தான் உங்கட தோட்டம் புள்ள. இல்லாட்டி டவுன் ஹோலுக்குப் போறன்."
நியாயம்தான். ஆனாலும் கோபம் கோபமாக வந்தது.

ஒக்டோபர் 22
கழற்றிய லைட்டின் பின்னால் ஐபி 44 என்று இருக்கிறது. வாங்கினவன் மின்ஹாஜ். "நாப்பத்திநாலு எண்டா எஸ் பாஸ்தானே ராத்தா, ஃபெயில் இல்லையே."
பள்ளிக்கூடத்து ஓ எல் சோதனை மார்க் என்று நினைத்திருக்கிறான், மடையன். சிரிக்கவா, அழவா?
தேடிப் படித்தேன். இரண்டு இலக்கத்தையும் தனித்தனியாக வாசிக்க வேணும். முதலாவது தூசிக்கு, அடுத்தது தண்ணிக்கு. தூசிக்கு நாலு என்றால் பொடி மண் உள்ளே போகும். தண்ணிக்கு நாலு என்றால் தெறிப்பதை மட்டும் தாங்கும். நாங்களோ கிழமைக்கொருக்கா பைப்பால் அடித்துக் கழுவினோம். பழி மழைக்கு.

ஒக்டோபர் 25
ஐபி 65 லைட்டு வாங்கப் போனேன். கடைக்காரர் 67ஐ நீட்டினார், அது 65ஐ விட நல்லமாம். ஏழு என்றால் தண்ணிக்குள் விழுந்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும். பைப் அடியைத் தாங்கும் என்று அந்த ஏழு சொல்லவில்லை. நான் என்ன, லைட்டைக் களப்பில் முக்கவா போகிறேன்? 65தான் வேணும் என்று நின்றேன். ஆறுக்குத் தூசியே புகாது, ஐந்து பைப் தண்ணிக்கு.

ஒக்டோபர் 27
புது லைட்டு ஒன்றை மின்ஹாஜ் சுவரில் பூட்ட, நான் கரண்டை நிறுத்திவிட்டு, பைப்பால் அடித்துப் பார்த்தேன். உள்ளே தண்ணி.
மின்ஹாஜ் தோட்டத்து மேசைகளை உள்ளே எடுக்கத் தொடங்கினான். அதுதான் கூட வலித்தது.

ஒக்டோபர் 28
பிடித்துவிட்டேன். வயர் நுழையும் ஓட்டைக்கு உரிய றப்பர் வளையம் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. "அது மேலதிகமாத் தந்ததெண்டு நினைச்சன் ராத்தா."
லைட்டைக் காயவைத்து, வளையத்தைப் போட்டு இறுக்கி, வயரைக் கீழ்ப்பக்கத்தால் எடுத்து, திரும்பவும் அடித்தேன். சொட்டுக்கூட இல்லை. நான் கெட்டிக்காரி. வேறு யாரும் சொல்லாததால் நானே எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 16
வலீமா. மஃரிப் தொழுகையோடு மழை கொட்டியது. எல்லாரும் கூரைக்குள் ஓட, நான் லைட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. மழை விட்டதும் றிஷாட் புதுப்பெண்ணோடு படம் எடுக்க ஈரப் புல்லில் இறங்கினான். பின்னால் சனம் முழுக்க. மாமி என் கையைப் பிடித்து, "அல்ஹம்துலில்லாஹ், பகல் மாதிரி இருக்கு புள்ள" என்றா.

நவம்பர் 20
தூறல். மின்ஹாஜ் நனைந்துகொண்டு தோட்டத்தைக் கயிறு பிடித்து அளக்கிறான். களப்பில் தோணி கட்டுகிற இடம் வரைக்கும் மேசை போடலாமாம்.