மழை வராத பாட்டுக்கு எட்டு மதிப்பெண்

என் பிரியமான அண்ணாவுக்கு,

நீங்க போன பிறகு கோவிந்தாபுரத்து ஊட்டைப் பூட்டிவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு காந்தலூர் வந்துவிட்டேன். இங்கே பள்ளியில் தமிழ் டீச்சர் வேலை. அம்மாவுக்கு இந்த மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. உங்க பேரை எடுத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அதனால் உங்களைப் பற்றிப் பேச எனக்கு உங்களைத் தவிர வேறு ஆளில்லை.

உங்க கண் மங்கினது நம்ம மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும். நரம்பு காய்ந்துவிட்டது, கண்ணாடி போட்டாலும் பயனில்லை என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். வாத்தியார் வேலை போய்விடுமே என்று நீங்க யாரிடமும் மூச்சு விடவில்லை. வகுப்பில் பாடம் எல்லாம் மனப்பாடம். விடைத்தாள் மட்டும்தான் இடைஞ்சல். அதை ஊட்டுக்கு எடுத்து வருவீங்க. நான் படிப்பேன், நீங்க கேட்டு மதிப்பெண் சொல்வீங்க.

பாடல் நயத்துக்குப் பத்து. பொருளுக்கு மூணு, நயத்துக்கு நாலு, நடைக்கு மூணு. "நோட்ஸ்ல இருக்கறதையே எழுதியிருந்தா நயத்துக்கு ஒண்ணு போதும் அம்மிணி" என்பீங்க. "றகரத்துக்கு ரகரம் போட்டிருக்குதுங்கண்ணா" என்று நான் சொன்னால், "அர்த்தம் கெடலையே, அரை கொறச்சுக்க" என்பீங்க.

அந்த நாலாம் பாரம் அரைப்பரீட்சையில், மேகத்தை யானைக் கூட்டம் என்று வர்ணிக்கிற பாட்டு வந்தது. வகுப்பே உவமை அழகு, உவமை அழகு என்று எழுதியிருந்தது. பழனியம்மா என்ற பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள்: "கடைசி வரியில் மாடு கத்துகிறது. யானைகள் நிற்காமல் போகின்றன. ஆகவே இது மழைப் பாட்டு அல்ல. மழை வராத பாட்டு."

"மறுபடி படி" என்றீங்க. படித்தேன். "இத்தனை வருஷமா இந்தப் பாட்டை நடத்தறேன். எனக்கு அந்த மாடு கேக்கவே இல்லையே!" என்று சொல்லி எட்டு போடச் சொன்னீங்க.

பள்ளிக்கூட மேனேஜருடைய தங்கை மகன் நோட்ஸை ஒப்பித்திருந்தான். அவனுக்கு நாலு. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. யாரோ உங்க கண்ணைப் பற்றி அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

அவர் கூப்பிட்டனுப்பினபோது உங்களைக் கைபிடித்துக் கூட்டிப்போனது நான்தான். ஆபீஸ் அறைக்குள் என்னை விடவில்லை. வாசலில் நின்றேன். "மாஷே, எட்டு மார்க்குப் போட்ட பேப்பரை ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்கோ" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லி ஒரு தாளை நீட்டினார். வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, பழனியம்மா எழுதியதை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை சொன்னீங்க. ஒரு சொல் பிசகவில்லை.

முடிந்ததும் மேனேஜர் சொன்னார்: "மாஷே, கையில இருக்கறது கணக்குப் பேப்பர்."

தாளை வாங்கும்போதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்குமா அண்ணா? வந்தும், அந்தப் பெண் எழுதியதை அவர்கள் ஒரு தடவையாவது கேட்கட்டும் என்று சொன்னீங்களா? திரும்பி வரும்போது நான் கேட்கவில்லை.

வேலை போனது. நீங்க திருத்தின தாளையெல்லாம் வேறு வாத்தியார் மறுபடி திருத்தினார். பழனியம்மாவுக்கு ரெண்டு. பக்கத்தில் "பாட்டில் இல்லாதது" என்று எழுதிவிட்டார். தமிழில் தேறவில்லை என்று அவள் அப்பன் படிப்பை நிறுத்திவிட்டான். இதை உங்களிடம் சொல்லாமல் இருந்தோம். யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நீங்க தட்டில் கை வைத்ததெல்லாம் பேருக்குத்தான். ஆடி மழையில் சளி நெஞ்சில் இறங்கியபோது, எதிர்த்து நிற்க உடம்பில் தெம்பில்லை.

உங்களை எடுத்த அன்று பழனியம்மா வந்தாள். கடலை மில்லில் வேலை செய்கிறாளாம், தலையெல்லாம் தூசி. ஊட்டுக்குள் வரவில்லை. வேலியோரமாக நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

இங்கேயும் அதே கதைதான். போன வாரம் ஒரு பையனுக்கு நயத்துக்கு முழுசாக நாலு போட்டேன். நோட்ஸில் இல்லாததை எழுதியிருந்தான், ஆனால் பாட்டில் இருப்பதைத்தான் எழுதியிருந்தான். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்.

"என்ன டீச்சர், கண்ணை மூடிக்கிட்டுப் போட்டீங்களா?"

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க சார். நீங்க ஒருக்கா படிச்சுப் பாருங்க" என்றேன். அவர் படிக்கவில்லை. நாலை அடித்து ஒன்று போட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார். பாட்டையும் பையன் எழுதியதையும் அவர் முன்னால் வாசிக்கப் போகிறேன். கேட்பாரா, தெரியாது. இந்த வேலையும் போனால் அம்மாவை எங்கே கூட்டிப்போவது என்றும் தெரியாது. ஆனால் வாசிப்பேன் அண்ணா. நடுவில் நிறுத்தச் சொன்னாலும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன்.

உங்களோடு பிறந்தவள்,
சரசு