நாலாவது வருஷத்து ஷேர்

பொன்மலை, திருச்சி
12-1-1986

அன்பு மகன் இன்னாசிராஜுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அம்மா, தங்கை லூர்து, நான் மூவரும் சுகம். நீ சுகமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

அமெரிக்காவில் உன்னோடு வேலை பார்த்த கலீல் நேற்று வந்திருந்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி வீடு தேடி வந்த பிள்ளை, காபியைத் தொடவில்லை. கம்பெனியை மூடி நாலு மாசம் ஆகிறதாம். ஷேர் ஏறிக்கொண்டே போகிறது என்று கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தாயே! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

கம்ப்யூட்டர் கம்பெனியில் பாதி சம்பளம், பாதி ஷேர், நாலு வருஷம் இருந்தால்தான் ஷேர் முழுசாகக் கைக்கு வரும் என்று நீ எழுதியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் சம்பளத்தைக் கையில் வாங்கியே பழகியவன் நான். ஆனாலும் உன்னை நம்பி, லூர்துராணி கல்யாணத்தை அந்த நாலாவது வருஷம் முடிகிற மே மாதத்துக்குத்தானே வைத்தோம்? மாப்பிள்ளை வீட்டாரும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இன்று பூசை முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா செபஸ்தியானிடம் கோயில் வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். பார்க்கலாங்க என்றார். அவர் பார்க்க மாட்டார். லூர்து அழவில்லை. அண்ணன வரச் சொல்லுங்கப்பா, அது போதும் என்றாள். எனக்கு அவமானமாகத்தான் இருக்கிறது. அது என் பாடு, நீ சுமக்காதே.

என் பயம் வேறு. நீ சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை என்றான் கலீல். கோட்டையும் புத்தகங்களையும் கூட இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டாயாம். நீ ப்ளேன் ஏறும்போது நான் கழற்றிக் கட்டிவிட்ட கைக்கடிகாரத்தை, அப்பாகிட்ட குடுத்துரு, எனக்கு இனிமே வேணாம் என்று கொடுத்தனுப்பியிருக்கிறாய். அதை வாங்கியதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

கடிதம் வந்து சேர நாளாகும் என்று தந்தியும் அடித்திருக்கிறேன். புறப்பட்டு வா என்பதற்கு மேல் அதில் எழுத முடியவில்லை. டிக்கெட்டை இங்கேயே எடுத்து அனுப்புகிறேன். ஷேர் போய்த் தொலையட்டும். வெறுங்கையோடு வா.

அம்மாவுக்குக் கம்பெனி மூடியது தெரியும். கடிகாரத்தைப் பற்றி மட்டும், ரிப்பேருக்கு அனுப்பியிருக்கிறான், அடுத்த மாசம் அவனே வந்து வாங்கிக்கொள்வான் என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டாள். மாதா உனக்குத் துணை இருப்பாள். அப்பாவைப் பொய்யனாக்கிவிடாதே, ராஜா.

உன் அப்பா,
சவரிநாதன்