இரண்டாவது தூண்

அனுப்புநர்:
பொ. வியாகுலம்மாள் (வயது 15),
தகப்பனார் பெயர் பொன்னுத்துரை,
பெரிய காரை வீடு, வெள்ளைக்கல்பட்டி,
ரெட்டியார்சத்திரம் வழி, திண்டுக்கல் தாலுகா.

பெறுநர்:
தாசில்தார் அய்யா அவர்கள்,
தாலுகா கச்சேரி, திண்டுக்கல், மதுரை ஜில்லா.

பொருள்: குடியிருக்கும் வீட்டின் தூண் ஒன்றைப் பங்கு என்று எடுத்துப்போனது, இரண்டாவது தூணை வரும் திங்கட்கிழமை எடுக்க இருப்பதை நிறுத்த வேண்டுவது.

மதிப்பிற்குரிய அய்யா,

1. கடந்த புதன்கிழமை காலை, அம்மா படுத்திருக்கும் அறையின் தாழ்ப்பாள் துளையில் விழவில்லை. கதவு நிலை ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நிலைக்கு மேலே சுவர் என் கை நீளத்துக்கு வெடித்திருந்தது.

2. எங்கள் வீட்டு உத்தரத்தில் 1871 என்று வெட்டியிருக்கிறது. நடு முற்றத்தைச் சுற்றி நான்கு வேங்கைத் தூண்கள். அவற்றின் மேல் உத்தரங்கள், அதற்கு மேல் சோள மூட்டை அடுக்கிய மச்சு, அதற்கும் மேல் ஓடு. எல்லா அறைகளின் கூரையும் முற்றத்துப் பக்கம் இந்த நான்கு தூண்களை நம்பியே இருக்கிறது.

3. ஆவணி மாதம் என் அப்பாவும் சித்தப்பா அருளப்பனும் பாகம் பிரித்தார்கள். வீடு அப்பாவுக்கு, கிணற்றுத் தோட்டம் சித்தப்பாவுக்கு. மற்ற சாமான்கள் சரிபாதி. ஊர்ப் பெரியவர்கள் எழுதச் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அண்டா இரண்டு, ஏர் இரண்டு, இறவைச் சால் இரண்டு, தூண் நான்கு. விலை உயர்ந்த மரம் என்பதால் தூணையும் சாமானோடு சேர்த்து எண்ணி ஆளுக்கு இரண்டு என்று எழுதிவிட்டார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. தூண் போனால் கூரை நிற்காது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆண்கள் நடுவில் பேசிப் பழக்கமில்லாததால் வாய் திறக்கவில்லை. அது என் தவறு.

4. சென்ற திங்கட்கிழமை சித்தப்பா, தோட்டத்தில் கட்டும் புது வீட்டுக்காக ஆட்களுடன் வந்து அம்மாவின் அறைக்கு நேரே நின்ற தூணை எடுத்தார். அந்த இடத்தில் பச்சைத் தென்னை மரத்துண்டு ஒன்றைச் செங்கல் மேல் முட்டுக் கொடுத்திருக்கிறார். தூணை இறக்கும்போது கயிற்றின் ஒரு முனையை என் அப்பாவே பிடித்தார்.

5. வெடிப்பை அப்பாவிடம் காட்டினேன். "கையெழுத்துப் போட்டாச்சு. கொடுத்ததைத் திருப்பிக் கேக்கச் சொல்றியா ஆத்தா? ஊரு சிரிக்கும்" என்றார். சித்தப்பாவும் வந்து பார்த்தார். "நூறு வருசமா நிக்கிற வீடு ஒத்தத் தூணுக்கா விழுந்துரும்? அம்புட்டுப் பயமா இருந்தா நீ போயித் தூணு கணக்கா நில்லு தாயி" என்று சொல்லிச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

6. அம்மா செபஸ்தியம்மாளுக்குக் குழந்தை பிறந்து இன்றோடு பதினொரு நாள். பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று யாரும் அவளை அசைய விடுவதில்லை. வெடிப்பு அவள் தலைமாட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. நேற்று இரண்டு விரல் நுழைந்தது. இன்று மூன்று. ஐப்பசி மழையும் தொடங்கப்போகிறது.

7. ஆகவே அய்யா அவர்கள் திங்கட்கிழமைக்குள் ஓவர்சீயர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த இடங்களில் கல்தூண் நிறுத்தும்வரை இரண்டாவது தூணைத் தொடக் கூடாது என்று உத்தரவு தர வேண்டும். சித்தப்பா மேல் வழக்கு வேண்டாம். அவர் பங்கு மரம் அவருக்கே. தம்பியிடம் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். சர்க்கார் சொன்னால் இருவரும் கேட்டுக்கொள்வார்கள்.

8. தபாலில் போட்டால் நாளாகும் என்று நாளை பஸ்ஸில் வந்து என் கையாலேயே கொடுப்பேன். நேரில் எனக்குப் பேச்சு வராது. நான்கு வகுப்புதான் படித்தேன். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். தயவுசெய்து வாசித்துக்கொள்ளவும்.

9. ஆறாவது பத்தியை எழுதியபின் உட்கார முடியாமல் மச்சில் ஏறினேன். அம்மாவின் தலைக்கு மேல் பதினாறு மூட்டை சோளம் இருந்தது. மூட்டையைத் தூக்க எனக்குப் பலம் இல்லை. வாயை அவிழ்த்து, சொளகில் அள்ளி அள்ளிக் கீழே இறக்கினேன். மூன்று மூட்டை இறங்கிவிட்டது. மிச்சத்தை இறக்கப் போகிறேன்.

இடம்: வெள்ளைக்கல்பட்டி
நாள்: 12-10-1962

இப்படிக்கு,
அந்த வீட்டில் குடியிருக்கும்
பொ. வியாகுலம்மாள்