கிதாரின் முதுகில் எட்டுத் தட்டு

மார்ச் 2, திங்கள்

இன்று மூன்று மாணவர்கள். ஒருவரும் வீட்டில் வாசித்துப் பார்க்கவில்லை. கேட்டால் விரல் வலிக்கிறதாம். மதியம் நூலக அரங்கிலிருந்து போன். 22ஆம் தேதி, ஞாயிறு மாலை நாலு மணி, நாற்பது நிமிடம், நான் மட்டும். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாற்பது நிமிடத்துக்கு என்ன வாசிப்பது என்று யோசித்தேன்.

மார்ச் 4

லூப் பெடலைத் தூசி தட்டி எடுத்தேன். ஒரு மிதி மிதித்து வாசித்தால் பதிந்துகொண்டு அதையே திரும்பத் திரும்பப் பாடும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். உள்ளே ஏற்கெனவே ஒன்று இருந்தது. பெடல் வாங்கிய அன்று விளையாட்டாக கிதாரின் முதுகில் என் கணவன் தட்டியது. எட்டே தட்டு. கடைசித் தட்டு கொஞ்சம் முந்திவிடும். அவன் எதிலும் அவசரக்காரன்தான். ஓவென்று அழுதுவிட்டேன். அவன் வீட்டை விட்டுப் போய் இன்றோடு ஐம்பத்தோரு நாள்.

"கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்குறேன்"னு சொன்னான். கொஞ்ச நாள்னா எத்தனை நாள்? அதைக் கேக்காம விட்டேனே, மடச்சி.

மார்ச் 9

அந்தத் தட்டின் மேல்தான் எல்லாவற்றையும் வாசிக்கிறேன். ஆறாவது அடுக்கு வந்ததும் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. எது எந்தச் சுரம் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 11

சவுண்ட் அண்ணன் ஒத்திகை கேட்க வந்தார். அரங்கில் மைக், ஒலிபெருக்கி எல்லாம் அவர் பொறுப்பு. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து பெடலைப் பார்த்தார்.

"ஃபீட்பேக் குமிழை முழுசா வச்சிருக்கியேம்மா, அப்புறம் எதுதான் போகும்? எண்பதுக்கு இறக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் பழசு கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். புதுசுக்கு இடம் கிடைக்கும்."

"நான் வாசிச்சது மட்டும் அடங்குமா?"

"ஒரே டிராக்தானே? எல்லாம் சேந்துதான் அடங்கும்."

யோசிக்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார்.

மார்ச் 12

முடியாது.

மார்ச் 15

அவனுக்குப் போன் செய்தேன். அடுத்த ஞாயிறு வருவியா என்று கேட்டேன். "பாக்குறேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "வர்றேன்" என்றான். அந்த இரண்டாவது சொல்லைக் கேட்டதிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "கேட்டதும் அப்படியே உருகி வந்துடுவானாக்கும்" என்றாள். வரத்தான் போகிறான். தன் கையால் தட்டியது தனக்குத் தெரியாமலா போகும்? 'திரும்பி வா' என்று வாய்விட்டுக் கூப்பிட எனக்கு வரவில்லை. அதற்குத்தான் இது.

மார்ச் 19

வழி கண்டுபிடித்துவிட்டேன். குமிழ் முழுதாகவே இருக்கட்டும். அவன் தட்டின் மேல் இரண்டே அடுக்கு. மீதியைப் பதியாமல் வாசித்துவிட்டுப் போகிறேன். சவுண்ட் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "கையைக் கட்டிக்கிட்டு நீச்சல் அடிக்கிறேங்கிற. உன் இஷ்டம்."

மார்ச் 22

வந்தான். மூன்றாவது வரிசை, ஓர நாற்காலி. நான் பார்த்திராத நீலச் சட்டை.

முதலில் அந்தத் தட்டை மட்டும் ஓடவிட்டேன். நாலு சுற்று, வேறு எதுவும் இல்லாமல். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினான் — பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஆட்டியதுபோல.

முடிந்ததும் வந்து கை கொடுத்தான். கை கொடுக்கிறான்! பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன்.

"நல்லா இருந்துச்சு. அந்தத் தாளம் மெஷினுக்குள்ளேயே வருமா?"

குனிந்து பெடலை அணைத்தேன்.

"ஆமா," என்றேன். "வாங்கும்போதே இருந்துச்சு."

"பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் வயர்களைச் சுருட்டினேன்.

மார்ச் 23

வகுப்பு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 26

காலையில் குமிழை எண்பதுக்கு இறக்கிவிட்டு, அந்தத் தட்டின் மேல் வாசிக்க ஆரம்பித்தேன். அண்ணன் சொன்னபடியே எல்லாம் சேர்ந்து அடங்கின. பத்தாவது சுற்றில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எப்போது நின்றதென்று தெரியவில்லை. அப்போது வேறொன்றை வாசித்துக்கொண்டிருந்தேன், அது நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

நிறுத்தியதும், பழையதன் மேலேயே சேமிக்கவா என்று பெடல் கேட்டது. அழுதுகொண்டேதான் சரி என்று மிதித்தேன்.