மல்லாந்து கிடந்த சிலந்தி

இலத்தூர் ஆவுடைத்தாய்க்கு மஸ்கட்டிலிருந்து உன் குற்றாலீஸ்வரன். முட்டுவலி குறைந்ததா? எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறேன்.

புதிதாக வளர்ப்பவருக்குச் சுலபம் என்று இங்கே பிராணிக் கடை வைத்திருக்கும் செங்கோட்டைக்காரர் கொடுத்த பெரிய சிலந்தி, புலியே பயப்படும் என்றேனே, திங்கட்கிழமை மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டதென்று குளிப்பாட்டி, பூந்தொட்டியில் புதைத்து, நம்மூர் முறைப்படி மறுநாள் பாலும் தெளித்தேன்.

கடைக்காரரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, சட்டை உரிக்கதுக்குல்லா அது மல்லாந்து கிடக்கும்! உசுரோடயா புதைச்சிய?" என்றார். ஓடிப்போய்த் தோண்டினேன். பாதிச் சட்டையோடு இறந்திருந்தது. ஐந்தருவித் தண்ணீர் மொத்தத்தையும் ஒற்றைத் தலையில் தாங்கியவன், அழுதுவிட்டேன். இந்த அறையில் நான் பேசியது அதனோடுதான்.

இப்போது மல்லாந்து படுக்கப் பயமாக இருக்கிறது, தட்டிப் பார்க்க ஆளில்லை. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. தினமும் காலையில் போன் அடி. நான் எடுக்கும்வரை விடாதே.