அன்புள்ள மஹ்ரூப் ஹோட்டல்

ஜனவரி 7, செவ்வாய்

நான் வேலை செய்கிற மருந்துக் கடையில் இன்று ஆள் குறைவு. விபரக்கொத்து வேலை கொஞ்சம் பார்த்தேன். கற்பிட்டிப் பக்கத்துக் கடைகள், அறைகள், படகுகள் எல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று புத்தளத்து மின்ஹாஜ் தொடங்கியது. எல்லாரும் சும்மா செய்கிற வேலை, சம்பளம் இல்லை. சாப்பாட்டுக் கடைகளுக்கு நான் எடிட்டர். வருகிற பதிவை ஏற்றுவதும் நிறுத்துவதும் என் கையில்.

ஹயாத்து முகம்மது தன் கடையின் பதிவை மூன்றாம் தரம் அனுப்பியிருக்கிறார். நிறுத்தி வைத்தேன். முதல் தரம் படத்தில் பெயர்ப்பலகை மங்கல். இரண்டாம் தரம் படத்தில் ஒரு பூனை. இந்தத் தரம் என்ன குறை என்று இன்னும் பார்க்கவில்லை. அவருடைய கடை எங்கட கடைக்கு நேரெதிரே இருப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எப்படியும் பட்டியல் அகரவரிசை. ‘ஹ’ கடைசியில்தான் வரும். அவசரம் என்ன?

எங்கட கடை என்றால் இவர் – என் கணவர் மஹ்ரூப் – நடத்துகிற கடை. பட்டியலில் அது முதலாவது. ‘மஹ்ரூப் ஹோட்டல்’ என்று போட்டால் எங்கேயோ கீழே போய்விடும். அதனால் ‘அன்புள்ள மஹ்ரூப் ஹோட்டல்’ என்று போட்டிருக்கிறேன். பொய் ஒன்றும் இல்லையே. அன்பான மனிசன்தான்.

ஜனவரி 9, வியாழன்

கொழும்பிலிருந்து சாப்பிட வந்தவர்கள் “அன்புள்ள மஹ்ரூப் நீங்கதானா?” என்று இவரிடம் கேட்டார்களாம். இவருக்கு வெட்கம். கொஞ்சம் சந்தோசமும்.

ஜனவரி 11, சனி

அநியாயம் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

படகுச் சவாரிகளுக்கு எடிட்டர் யூஜீனியா டீச்சர். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். அவருடைய தம்பிக்குப் படகு இருக்கிறது. மற்றப் படகுகளுக்கெல்லாம் ‘டொல்பின் தெரியலாம்’ என்று போட்டவர், தம்பியின் படகுக்கு மட்டும் ‘டொல்பின் நிச்சயம்’ என்று எழுதியிருக்கிறார். டொல்பின் என்ன, தம்பியிடம் வேலைக்கு நிற்கிறதா?

எடிட்டரே சொந்தக்காரர் பக்கம் சாய்ந்தால் எங்களை ஆர் நம்புவது? மின்ஹாஜுக்கு நீளமாக எழுதினேன். நேர்மை என்ற சொல் ஆறு இடத்தில் வந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

மின்ஹாஜ் எல்லா எடிட்டர்மாருக்கும் எழுதிவிட்டார். ஸாஜிதா ராத்தா நல்ல விசயத்தைக் கிளப்பியிருக்கிறாவாம். ஆகவே ஒவ்வொருவரும் தங்கள் பகுதியில் இருக்கிற சொந்தக்காரரின் பெயர்களைத் தர வேண்டும். அவர்களுடைய பதிவுகளை இனி வேறொருவர் பார்ப்பார்.

என் பெயரைப் போட்டிருக்கத் தேவையில்லை. டீச்சரும் வாசித்திருப்பாரே.

எனக்கென்ன, இவர் ஒருவர்தான்.

ஜனவரி 15, புதன்

பெரியம்மா மகனின் ரொட்டிக் கடையை மறந்துவிட்டேன். இரண்டு.

ஜனவரி 16, வியாழன்

உம்மாவைப் போனில் கேட்டது என் பிழை. உம்மா சொல்லச் சொல்ல எழுதி, கை உளைந்துவிட்டது. இருபத்தேழு கடையில் பத்தொன்பது சொந்தம். கடைசியில் சும்மா ஒரு பேச்சுக்கு ஹயாத்து முகம்மதுவின் பெயரையும் சொன்னேன். அவருடைய மனைவி பளீலா, என் வாப்பாவின் சாச்சா மகனுக்கு மகளாம். அப்படியென்றால் அவரும் எனக்கு மச்சான் முறை. இருபது.

யோசித்துப் பார்த்ததில் ஒரு நல்ல வழி தெரிந்தது. மின்ஹாஜுக்கு எழுதினேன் – எட்டு மாதமாக நான் நிறுத்தி வைத்திருப்பதே ஒரு சொந்தக்காரனைத்தான், ஆகவே நான் சொந்தத்துக்குச் சாய்கிற ஆள் இல்லை.

பதில் உடனே வந்தது. “ராத்தா, அது இன்னும் மோசம்.”

ஜனவரி 18, சனி

டீச்சருக்கு வட்ஸ்அப்பில் சலாம் போட்டேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஹயாத்து முகம்மது நெஞ்செரிவுக்குக் குளிசை வாங்க மருந்துக் கடைக்கு வந்தார். காசைக் கொடுத்துவிட்டும் நின்றார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். மெல்லத்தான் கேட்டார்.

“மூணாவது படமும் சரியில்லையா? பலகை மங்கல் எண்டு நீங்க சொன்னதால புதுசா எழுதுவிச்சேன். பூனையையும் வெளியில போட்டுட்டுத்தான் எடுத்தேன். இன்னும் என்ன குறை எண்டு சொல்லுங்க, திருத்துறேன்.”

நான் சொன்னதற்காக மனிசன் பலகையையே புதிதாக எழுதுவித்திருக்கிறார். நான் கண்டிப்பான ஆள் என்று நம்பியிருக்கிறார். என்னத்தைச் சொல்ல நான்? படத்தில் குறை ஒண்டும் இல்ல, குறை என்னட்டத்தான் எண்டு அந்த இடத்திலயே சொல்லியிருக்கணும். சொல்லல்ல. “பார்க்கிறேன்” எண்டேன். அவர் ஜஸாக்கல்லாஹ் எண்டு நன்றி சொல்லிட்டுப் போறார். எனக்கு.

ஜனவரி 23, வியாழன்

டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதிரையைக் காட்டினார், கதைக்கவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன் – முறைப்பாடு எழுதியது, பலகை, பூனை, ‘அன்புள்ள’. அந்த இடத்தில் அவருடைய வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று விளங்கிற்று.

பிறகு சொன்னார்: “டொல்பின் நிச்சயம் எண்டு எழுதினது என்ர பிழைதான், ஸாஜிதா. ஆனா நீ முதல்ல என்னட்டக் கேட்டிருக்கலாம்.”

ஓம். கேட்டிருக்கலாம்.

இப்போது ஏற்பாடு இதுதான். அவர் இரண்டு கடையிலும் சாப்பிட்டுப் பார்த்து எழுதுவார். தம்பியின் படகில் போய்விட்டு வந்து நான் எழுத வேண்டும். கரையில் நின்று கடலைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும் என்பதை நான் சொல்லவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு ஹயாத்து முகம்மதுவின் கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பழைய பலகை எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்றார். அது இன்னும் சுட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

காலையிலேயே படகில் போனேன். மூன்று மணித்தியாலம். நான்கு தரம் படகு ஓரத்தில் குனிந்து சத்தி எடுத்தேன். டீச்சரின் தம்பி ஒரு பக்கம் கையைக் காட்டி, அந்தா டொல்பினின் முதுகு என்றார். அலை என்றேன் நான். அலை மூச்சு விடுமா என்று கேட்டார். எனக்கு மூச்சு விடவே முடியாமல் இருந்த நேரம் அது.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டே எழுதினேன்: ‘படகு சுத்தம். ஓட்டுபவர் பொறுமைசாலி. டொல்பின் வரலாம். சத்தி நிச்சயம்.’

டீச்சர் அப்படியே ஏற்றிவிட்டார். சிரிக்கிற முகம் ஒன்றும் அனுப்பினார்.

பெப்ரவரி 1, சனி

டீச்சர் எழுதியவை இன்று ஏறின. ஹயாத்து ஹோட்டல்: ‘இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல மீன் ஆணம் நான் சாப்பிட்டதில்லை. பூனை உண்டு.’

மஹ்ரூப் ஹோட்டல் – ‘அன்புள்ள’ போய்விட்டது: ‘கொத்து ரொட்டி நல்லம். மீன் ஆணம் வேண்டுமென்றால் எதிர்க் கடைக்குப் போகவும்.’

இவர் இரண்டு தரம் வாசித்தார். நீ எடிட்டராக இருந்து என்ன பிரயோசனம் என்று கேட்டார். அந்தப் பதிவில் நான் கை வைக்க முடியாது என்றேன். பிளேன்டீயைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

பெப்ரவரி 3, திங்கள்

இவர் இன்னும் கதைக்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

மத்தியானம் இவர் வழமைபோல் மருந்துக் கடைக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து தந்தார். பிரித்ததுமே மீன் ஆணத்தின் மணத்தில் தெரிந்துவிட்டது, இது எங்கட கடைச் சோறு இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ஆணத்துக்குக் கொறுக்காப்புளி கொஞ்சம் கூடப் போடுறான். அவ்வளவுதான்.”

இரண்டு பேரும் ஒரே பார்சலில் சாப்பிட்டோம். மீன் துண்டில் பெரியதை அவர் எடுத்துக்கொண்டார்.